சாவி யார்கிட்ட இருக்கு?

2006ஆம் வருஷம். கனடாவின் வான்கூவர் நகரத்தில் ஒரு அபார்ட்மெண்ட். மோசில்லாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த 29 வயசு கிரேடன் ஹோர் வீட்டுக்கு வருகிறார். லிஃப்ட் ஓடவில்லை. அதன் மென்பொருள் கிராஷ் ஆகிவிட்டது, அதுவும் முதல் தடவை இல்லை. அவர் வீடோ 21வது மாடி. ஒரு லிஃப்டைக்கூட விழாமல் ஓட்டத் தெரியாதா நம்மாட்களுக்கு என்று எரிச்சல்பட்டு, வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்து ஆரம்பித்ததுதான் ரஸ்ட் என்ற கணினி மொழி. நாமாக இருந்தால் சொசைட்டி செக்ரட்டரிக்குப் போன் போட்டுத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்போம். மனுஷன் மொழியே எழுதிட்டார் :)

(பேரைப் பார்த்துத் துரு என்று நினைக்காதீர்கள். செடிகளில் வருகிற துருப் பூஞ்சையை நினைத்து அவர் வைத்த பெயர் அது. எப்படியும் பிழைத்துக்கொள்கிற ஜீவனாம்.)

பொட்டி தட்டாதவங்களும், முக்கியமா நம்ம தங்கமணியும், படிக்கணும்னு கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். ஒரு புரோகிராம் ஓடும்போது மெமரியில் இடம் கேட்கும், பயன்படுத்தும், முடிந்ததும் திருப்பிக் கொடுக்கணும். வாடகை வீடு மாதிரி. ஊர் விட்டு ஊர் வந்து வீடு மாறியே பழகின நமக்கு இது சுலபமாகப் புரியும். காலி பண்ணிட்டுச் சாவியைக் கொடுக்க மறந்தால் வீடு யாருக்கும் பயனில்லாமல் பூட்டியே கிடக்கும். சாவியைக் கொடுத்துட்டு, டூப்ளிகேட் சாவியால் பழைய நினைப்பில் கதவைத் திறந்தால் உள்ளே வேற குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். ஒரே சாவியை இரண்டு தடவை ஒப்படைத்தால் ஓனர் இரண்டு வீடு காலி என்று நினைத்து இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டுவிடுவார். மென்பொருள் உலகத்தின் பெரிய பெரிய விபத்துகள் பலவற்றில் இருப்பது இந்தச் சாவிக் குழப்பமும், தன் அறையைத் தாண்டிப் பக்கத்து அறையில் கை வைக்கிற குழப்பமும்தான்.

1972 வாக்கில் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழி எல்லாவற்றையும் எழுதுகிறவனை நம்பி விட்டுவிட்டது. மல்லாக் என்றால் இடம், ஃப்ரீ என்றால் ஒப்படைப்பு. நடுவில் கேள்வி கேட்க ஆள் கிடையாது. அன்றைய குட்டி மெஷின்களுக்கு அது சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் 1988 நவம்பர் 2ஆம் தேதி கார்னெல் மாணவர் ராபர்ட் மோரிஸ் விட்ட புழு, இணையத்தில் சுமார் 6,000 கணினிகளை முடக்கியது என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். அது நுழைந்த வழிகளில் ஒன்று, கெட்ஸ் என்ற சி ஃபங்ஷன். வருகிற எழுத்துகளை எண்ணாமல் வாங்கி வைக்கும். 512 எழுத்துக்கு இடம் இருந்தது, புழு அதற்கு மேல் அனுப்பியது. அந்த கெட்ஸ் சி மொழியின் தரநிலையிலிருந்து நீக்கப்பட்டது 2011ல். நடுவில் இருந்த 23 வருஷமும் எல்லோருக்கும் கிடைத்த அறிவுரை ஒன்றே ஒன்று: "பாத்து, கவனமா எழுதுப்பா."

சி எழுதுகிறவர்கள் சும்மா இருக்கவில்லை. ஃபங்ஷனின் கடைசியில் ஒரு லேபிள் வைத்துக்கொண்டு, எங்கே தப்பு நடந்தாலும் கோட்டூ போட்டு அங்கே குதித்து, வாங்கியதையெல்லாம் தலைகீழ் வரிசையில் ஒப்படைப்பது ஒரு நல்ல உத்தி. காலேஜில் கோட்டூ பாவம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். லினக்ஸ் கெர்னலில் அது இன்றும் இருக்கிறது.

அதே பெல் லேப்ஸில் 1979ல் ஆரம்பித்த பியார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப், பின்னால் சி++ ஆன மொழியில், இந்த ஒப்படைக்கிற வேலையை டிஸ்ட்ரக்டருக்குக் கொடுத்தார். அறையை விட்டு வெளியே கால் வைத்தால் சாவி தானாக ஓனரிடம் போய்விடும். எந்தக் கதவு வழியாக ஓடினாலும் சரி. எனக்குக் கேட்டால் இந்த வரலாற்றிலேயே அழகான யோசனை இதுதான். 2011ல் யுனீக் பாயிண்டர் வந்த பிறகு, புது சி++ல் ஃப்ரீ, டிலீட் எதையும் கையால் எழுத வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. ஆனால் டூப்ளிகேட் சாவி செய்து வைத்துக்கொள்வதை அது தடுக்கவில்லை. 1995ல் வந்த ஜாவா வேறு வழி பார்த்தது: காலி வீடுகளைத் தேடிப் பூட்ட ஒரு வாட்ச்மேன். வசதிதான், வாட்ச்மேனுக்குச் சம்பளம் நேரமாகவும் மெமரியாகவும் போகும்.

இங்கே ஒரு சொந்தக் கதை. 2007, புனே. கம்பெனி பேர் வேண்டாம். டீமில் திருநெல்வேலியிலிருந்து புதுசாக வந்த ஒரு தம்பி. அவன் செய்த சின்ன மாற்றத்துக்குப் பிறகு கஸ்டமர் சர்வர் ராத்திரியில் விழ ஆரம்பித்தது. அவன் ஒழுங்காக ஃப்ரீ பண்ணியிருந்தான். ஆனால் வேறொரு ஃபைலில் இருந்த பழைய ஃபங்ஷன் அதே இடத்தின் டூப்ளிகேட் சாவியை வைத்துக்கொண்டிருந்தது. மீட்டிங்கில் எல்லோர் முன்னாடியும் அவனுக்குக் கிடைத்தது அதே பாட்டு: கவனமா எழுதியிருக்கணும். நாலு மாசத்தில் வேலையை விட்டுப் போய்விட்டான். அந்தப் பழைய ஃபங்ஷனை எழுதியவன் நான். அன்னைக்கு நான் வாயைத் திறக்கலை.

ரஸ்ட் கற்றுக்கொண்டபோது முதல் வாரம் கம்பைலர் திட்டாத நாள் இல்லை. 2015 மே 15ல் 1.0 வந்த இந்த மொழியின் சட்டம் சின்னது. ஒரு பொருளுக்கு ஒரே ஓனர். இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால் உன் கையில் சாவி கிடையாது. இரவல் தரலாம்: எத்தனை பேர் வேண்டுமானாலும் படிக்கலாம், இல்லையென்றால் ஒரே ஒருவர் மட்டும் மாற்றி எழுதலாம், இரண்டும் ஒரே சமயத்தில் கிடையாது. இதை ஓடும்போது பார்ப்பதில்லை, கம்பைல் ஆகும்போதே பார்த்துவிடும். வாட்ச்மேன் தேவையில்லை. தொடக்கத்தில் ரஸ்டிலும் வாட்ச்மேன் இருந்தார், 1.0 வருவதற்கு முன்பே அனுப்பிவிட்டார்கள். (புதுசாக வருகிறவர்கள் திட்டுக்குப் பயந்து எல்லாவற்றையும் க்ளோன் செய்து தள்ளுவார்கள். நானும்தான். ஆரம்பத்தில் தப்பில்லை.)

ஒருநாள் அந்தப் பழைய புனே கேஸை ரஸ்டில் சின்னதாக எழுதிப் பார்த்தேன். கம்பைல் ஆகவில்லை. பிழைச் செய்தியில் இரண்டு வரியைக் காட்டியது. இங்கே ஒப்படைத்துவிட்டாய், இங்கே இன்னும் இரவல் பிடித்திருக்கிறாய் என்று. முதல் வரி அந்தத் தம்பி எழுதியது. இரண்டாவது என்னுடையது. 2007ல் அந்த மீட்டிங் ரூமில் ஒரே ஒரு வரியைத்தான் புரொஜெக்டரில் போட்டார்கள்.

கவனம் போதாது என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. தன் மென்பொருளில் ஒவ்வொரு வருஷமும் சரி செய்கிற பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் மெமரி சம்பந்தப்பட்டவை என்று மைக்ரோசாஃப்ட் 2019ல் சொன்னது. அங்கே இருப்பவர்கள் கவனமில்லாதவர்களா என்ன? ஆண்ட்ராய்டில் 2019ல் 76 சதவீதமாக இருந்தது. புதுசாக எழுதுவதை ரஸ்ட் போன்ற மொழிகளுக்கு மாற்றிக்கொண்டே வந்ததில் 2024ல் 24 ஆனது. பழைய கோடை அப்படியே விட்டுவைத்தார்கள் என்பதுதான் இதில் ஆச்சரியம். 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1ல் ரஸ்டுக்கும் இடம் கிடைத்தது.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? நம்மூர் ஏர்போர்ட்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த நாள். கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருள் 20 மதிப்புகள் இருந்த இடத்தில் 21வதைப் படிக்கப் போய், 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன. ரஸ்டாக இருந்தால் தப்பித்திருக்கும் என்று உடனே பலர் எழுதினார்கள். அவ்வளவு சுலபமில்லை. எல்லை தாண்டினால் ரஸ்ட் புரோகிராமும் பேனிக் ஆகி நிற்கும். பக்கத்து அறையில் கை வைக்காது, அவ்வளவுதான். 2025 நவம்பர் 18ல் க்ளவுட்ஃப்ளேர் விழுந்து பாதி இணையம் படுத்ததே, அது ரஸ்ட் கோடு. அன்ராப் என்று ஒரு வார்த்தை. "இங்கே தப்பே வராது, என்னை நம்பு" என்று கம்பைலரிடம் சொல்வது. 200க்குள் இருக்கும் என்று நம்பிய பட்டியல் அன்றைக்கு அதைத் தாண்டிவிட்டது.

அந்தச் செய்தி படித்த மறுநாள் ஆபீஸில் மத்த ஆணியெல்லாம் ஓரமா வெச்சுட்டு, எங்க டீம் கோடில் அன்ராப்னு தேடினேன். 43 இடம். அதில் 11 என் பேரில் இருந்தது. மீதி எழுதினவங்களை மீட்டிங்குக்குக் கூப்பிடலை. என் 11ஐ மட்டும் முதலில் மாத்திட்டு, லிஸ்டை எல்லாருக்கும் அனுப்பினேன்.