நாமக்கல் கல்லும் நிலவின் மண்ணும்



ஆழ்வார்பேட்டையில் நான் வாழும் தெருவில் அண்மையில் பழைய வீடொன்றை இடித்தார்கள். கடப்பாரைக்கும் சுவர் எளிதில் பெயரவில்லை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்த சுண்ணாம்புக் காரை அது என்றார் முதிய கொத்தனார் ஒருவர். மாலைக்குள் அச்சுவரும் லாரியேறிப் போயிற்று. வரலாறு கற்பித்த எனக்கு நெஞ்சு கனத்தது. கைக்கெட்டும் பொருளைக் கொண்டே உறுதியாகக் கட்டும் அறிவு நம்மைவிட்டு நீங்குகிறதே என எண்ணினேன். அவ்வறிவே இன்று நிலவை நோக்கிப் புறப்பட்டிருக்கிறது என்பது வியப்பன்றோ?

நிலவில் மனிதர் தங்க வீடு வேண்டும். செங்கல்லும் சிமென்டும் இங்கிருந்து ராக்கெட்டில் ஏற்றிச் செல்வதென்றால் செலவு தாங்காது. ஆகவே அங்குள்ள மண்ணாலேயே கட்ட வேண்டும். அங்கோ காற்றில்லை, பகல் 14 நாள், இரவு 14 நாள், கதிர்வீச்சும் கொடியது. ஆகையால் முதலில் சென்று மண்ணை வாரிக் கல்லாக்கி அடுக்க வேண்டியவர்கள் இயந்திர மனிதர்களே.

அவ்வியந்திரங்களைச் சோதித்துப் பார்க்க நிலவின் மண்ணுக்கு எங்கே போவது? 1969 முதல் 1972 வரை அப்போலோ வீரர்கள் கொண்டுவந்தது 382 கிலோதான். நமக்கோ டன் கணக்கில் தேவை. விடை, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடந்தது. அங்குள்ள அனார்த்தோசைட் என்னும் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழக அறிஞர்களின் துணையோடு இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் அதனைப் பொடித்துப் பெங்களூரில் பரப்பிச் சோதனைகள் நடத்தியது. அம்மண்ணை ஆக்கும் முறைக்கு 2020இல் காப்புரிமையும் பெற்றது.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலம் நிலவில் மோதி நொறுங்கிற்று. ஊர்தி மண்ணைத் தொடவேயில்லை. ஆயினும் அறிஞர்கள் சோர்ந்தாரில்லை. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக விளங்கிய சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று செவ்வனே இறங்கிற்று. 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ஊர்தி, ஆறு சக்கரங்களால் ஏறத்தாழ நூறு மீட்டர் ஊர்ந்தது. அது ஆராய்ந்த மண் அனார்த்தோசைட் இனத்தைச் சார்ந்ததே என 2024இல் ஆய்வு வெளியாயிற்று. நாமக்கல் கல் நம்மை ஏமாற்றவில்லை!

இனி, அம்மண்ணைக் கல்லாக்குவது எப்படி? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார், நிலவு மண்ணை ஒத்த பொடியில் யூரியாவும் ஒருவகை நுண்ணுயிரும் சேர்த்துக் கல் செய்து 2020இல் வெளியிட்டனர். அந்நுண்ணுயிரின் செயலால் உண்டாகும் கால்சியம் கார்பனேட், பொடியைப் பிணைக்கிறது. சுண்ணாம்புக் காரை இறுகும்போது உண்டாவதும் அதே பொருள்தான். வலிமைக்காக அவர்கள் சேர்த்தது யாது தெரியுமா? கொத்தவரை இனத்து விதையின் பசை! நம் கொத்தனார்கள் கடுக்காயை நாடினர். இவர்கள் கொத்தவரையை நாடினர்.

நிலவில் இதுவரை ஒரு கல்லும் அடுக்கப்படவில்லை. அடுக்கும் இயந்திரத்தைப் படைப்பது உங்கள் தலைமுறையின் பணி. அதற்கு முன்பாக, உங்கள் தெருவில் பழைய வீடு இடிபடும்போது அங்குள்ள கொத்தனாரிடம் சற்றே நின்று கேளுங்கள். அன்று நான் எடுத்துவந்த காரைத் துண்டு என் மேசைமீது இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்விகள் எனக்கு இன்னும் தீரவில்லை.