எவருக்கு இடம் தந்தது அத்திட்டம்?

1945 ஆகஸ்டு 6, காலை 8 மணி 15 நிமிடம். ஜப்பானிய நகரான ஹிரோஷிமாவின் மேல், ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் அணுகுண்டு வெடித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் மாண்டோர் சுமார் 1,40,000 பேர். இரு ஆறுகளுக்கிடையே கடைகளும் வீடுகளும் நெருங்கி விளங்கிய நகாஜிமாப் பகுதி சாம்பல் மேடாயிற்று.

அந்த மேட்டில் எதனை எழுப்புவது? மீண்டும் அங்காடியா? வானளாவும் மாளிகையா? ஹிரோஷிமாவை அமைதி நினைவு நகராக்கும் சட்டத்தை 1949இல் ஜப்பானிய நாடாளுமன்றம் இயற்றியது. நகர மக்கள் வாக்களித்து அதனை ஏற்றனர். அவ்வாண்டே நகாஜிமாவில் அமையவிருந்த நினைவுப் பூங்காவிற்கு வடிவமைப்புப் போட்டி நடந்தது. வென்றவர், மாணவப் பருவத்தில் அந்நகரில் பயின்ற கென்சோ டாங்கே. அப்போது அவர் நாற்பதை எட்டாத இளைஞர்.

அவர் வரைந்தது ஒரு நேர்கோடு. 100 மீட்டர் அகலச் சாலையிலிருந்து அது புறப்படும்; தூண்கள் தாங்கி நிற்கும் காட்சியகத்தின் அடியிற் புகும்; நினைவு வளைவின் நடுவே நுழையும்; ஆற்றைக் கடக்கும்; அக்கரையில் நிற்கும் ஓர் இடிந்த கட்டடத்தில் சென்று முடியும். செக் நாட்டுக் கலைஞர் யான் லெட்செல் வடிவமைத்து 1915இல் எழுந்த தொழில் வளர்ச்சி மாளிகை அது. இன்றோ எலும்புக்கூடான கவிகை!

அது நிற்பது ஆற்றின் அக்கரையில். எனினும் அதனையே பூங்காவின் கண்ணாக்கினார் டாங்கே. “காணக் காண நெஞ்சம் பதைக்கிறது, இடித்துவிடுக” என்று கருதியோர் பலர். அவர்தம் துயரும் பொய்யன்று. ஆயின் சிதைவை அகற்றினால் செய்த கொடுமைக்குச் சான்று எங்கே? காப்பதென 1966இல் நகர்மன்றம் தீர்மானித்தது. மக்கள் நிதி குவிந்தது. 1996இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

சிதைவுக்கு இடம் தந்த நகரம், மனிதர் எல்லோருக்கும் இடம் தந்ததா?

நினைவு வளைவை வடிக்க அழைக்கப்பட்டவர் இசாமு நொகுச்சி. தந்தை ஜப்பானியர்; தாய் அமெரிக்கர். அவர் வடித்த பாலக் கைப்பிடிகளை நகரம் ஏற்றது. நினைவுச் சின்னத்தையோ 1952இல் மறுத்தது. அமெரிக்கர் என்பதே முதன்மைக் குறையாகக் கூறப்பட்டது! பின்னர் டாங்கேயே வளைவை அமைத்தார்.

அதனினும் கொடிது ஒன்று. அன்று மாண்டோரில் கொரியர் பல்லாயிரவர். ஜப்பானியப் பேரரசு தன் குடியேற்ற நாடாக்கிய மண்ணிலிருந்து வந்தவர்கள்; கட்டாய வேலைக்கெனக் கொண்டுவரப்பட்டோரும் அவர்களுள் உண்டு. அவர்களுக்கான நினைவுக்கல் 1970இல் எழுந்தது. எங்கே? பூங்காவிற்குள் அன்று, ஆற்றின் மறுகரையில்! உள்ளே கொண்டுவரப்பட்டது 1999இல்தான். குண்டு குலம் பார்த்துக் கொல்லவில்லை. நெருப்பு நாடு கேட்டுச் சுடவில்லை. கல் நடுவதற்கு மட்டும் எல்லை பார்த்தனர் மனிதர்.

எரிந்த நகரை எழுப்புவோர் கல்லையும் காரையையும் மட்டும் தேர்வதில்லை. எவரை நினைப்பது, எவரை மறப்பது என்பதையும் தேர்கின்றனர். டாங்கேயின் கோடு ஆற்றைத் தாண்டி இடிபாட்டைத் தழுவியது. இன்னோர் ஆற்றை ஒரு நினைவுக்கல் கடப்பதற்கோ இருபத்தொன்பது ஆண்டுகள் ஆயின. வரைபடத்தை மெச்சுவோர் அந்த ஆண்டுகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.