குழகர் சந்நிதியில் அக்கா பாடிய பதிகம்

போன மாதம் அக்காவை அழைத்துக்கொண்டு கோடியக்கரை போயிருந்தேன். அக்காவுக்கு வயது 85. இரண்டு வருஷமாக ஞாபக மறதி. சில நாள் என்னையே, "நீங்க யாரு?" என்று கேட்பாள். குழகர் சந்நிதியில் நின்றதும், சின்ன வயதில் தேவார வகுப்பில் கற்ற சுந்தரர் பதிகத்தை எடுத்தாள். ஒரு சொல் தப்பவில்லை. வெளியே வந்ததும், "இது எந்த ஊர்க் கோயில்?" என்றாள்.

சேரமான் பெருமாளோடு இங்கே வந்த சுந்தரர், யாருமில்லாத கடற்கரையில் இறைவன் தனியே இருப்பதைக் கண்டு மனம் பொறாமல் பாடிய பதிகம் அது. பண் கொல்லி. ஓதுவார்கள் இப்போது நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள்.

பிரெஞ்சுப் பள்ளியில் லா ஃபோந்தேனின் காக்கை நரிக் கதையைப் பிரம்புக்குப் பயந்து நெட்டுருப் போட்டவன் நான். இன்று நாலு வரிக்கு மேல் வராது. அதே வகுப்பில் கைதட்டிப் பாடிய அவிஞ்ஞோன் பாலத்துப் பாட்டோ முழுசாக வருகிறது. மெட்டுதான் சொல்லைக் கட்டி வைக்கிறது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். தில்லையில் கறையான் அரித்த சுவடிகளை மீட்ட பிறகும் பண் தெரியாமல் நின்றார்களாம். திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் வகுத்ததாகத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. பெரிய கோயிலில் ராஜராஜன் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கை, மத்தளம் வாசிக்க இருவரையும் நியமித்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். சம்பளப் பட்டியல் எழுதியே காலம் தள்ளிய எனக்கு அந்தக் கல்வெட்டின் மேல் தனி மரியாதை. ஞாபகத்துக்குப் படியளந்த அரசாங்கம் அது!

நடைப்பாட்டின் விஷயம் வேறு. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து புறப்பட்டு, 30ஆம் தேதி வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார். அந்த யாத்திரைக்கென்றே நாமக்கல் கவிஞர் பாட்டு எழுதித் தந்தார். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். நோட்டீசைப் பறிமுதல் செய்யலாம். காதில் ஏறிய மெட்டை என்ன செய்வது? எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் அதைப் பாடி நான் கேட்டிருக்கிறேன். பாடும்போதே கால் தாளத்துக்கு அசையும்.

சினிமாப் பாட்டைச் சற்று இளக்காரமாகத்தான் நினைத்திருந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் 'பாசமலர்' தாலாட்டுப் பாட்டு ஓடியது. 1961இல் வந்த படம். அக்கா வாய் திறந்து பாடவில்லை. ஜன்னல் பக்கமிருந்து சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, அன்னைக்குக் கொட்டகையிலேயே நீ தூங்கிப்போயிட்டே. அப்பாதான் உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு வீடு வரைக்கும் வந்தாங்க."

எனக்கு அது ஞாபகமில்லை.