பேற்றறையின் அச்சம்

பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு மறுபிறப்பு என்பது தமிழர் வழக்கு. அவ்வழக்கினுள் மகிழ்ச்சியும் உண்டு, மரணபயமும் உண்டு. யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே பிள்ளை பெறும் வீட்டைக் கொத்தி என்னும் பேய் நாடி வருமென்று முன்னோர் அஞ்சினர். வேப்பிலையையும் இரும்பையும் காவலாக வைத்தனர். இதனைப் பேதைமை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயினும், அந்தப் பேய்க்குப் பின்னால் மெய்யான சாவு ஒன்று நின்றது. தாய்மாரின் அச்சத்தை அறியாமை என்று கருதிய கற்றோர், சிலவேளை தாமே அறியாமையில் இருந்தனர். இதற்கு வியன்னா நகரத்து வரலாறு ஒன்று சான்றாகும்.

1840களில் வியன்னாப் பொது வைத்தியசாலையில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. முதலாம் பிரிவில் மருத்துவ மாணவரும், இரண்டாம் பிரிவில் மருத்துவிச்சித் தொழில் பயிலும் பெண்களும் பயிற்சி பெற்றனர். ஒருநாள் வரும் தாய்மார் ஒரு பிரிவிலும், மறுநாள் வருவோர் மற்றப் பிரிவிலும் சேர்க்கப்பட்டனர். 1846ஆம் ஆண்டில் முதலாம் பிரிவிலே நூற்றுக்குப் 11 தாய்மார் வரை இறந்தனர். இரண்டாம் பிரிவிலே இறந்தோர் நூற்றுக்கு மூவரிலும் குறைவு. பேற்றுக்குப்பின் வரும் காய்ச்சலே இச்சாவுகளுக்குப் பெருங்காரணம்.

இவ்வேறுபாட்டை நகரத்து ஏழைப் பெண்கள் அறிந்திருந்தனர். முதலாம் பிரிவில் தம்மைச் சேர்க்க வேண்டாமென்று முழந்தாளிட்டு மன்றாடினர். வழியிலேயே பிள்ளை பெற்று வந்தோரும் பலர். அவ்வாறு வீதியிற் பெற்றவர்களை அக்காய்ச்சல் அத்துணை பற்றவில்லை என்பது வியப்புக்குரியது.

மருத்துவர் சிலர் இதற்குக் கூறிய விளக்கம் அதனினும் வியப்பானது. முதலாம் பிரிவின் கெட்ட பெயரைக் கேட்டுப் பெண்கள் அஞ்சுகின்றனர். அந்த அச்சமே காய்ச்சலை விளைவிக்கின்றது என்றனர். இறக்குந் தறுவாயில் இருப்போருக்கு இறுதிச் சடங்கு செய்யக் குருவானவர் மணியொலியுடன் அப்பிரிவின் வழியே செல்வது வழக்கம். அவ்வொலியே தாய்மாரை நடுங்கச் செய்கின்றதோ என அங்கு உதவி மருத்துவராயிருந்த இக்னாசு செம்மல்வைசு ஐயுற்றார். ஹங்கேரி நாட்டவரான அவர், மணியை நிறுத்தி வேறு வழியாகச் செல்லுமாறு குருவானவரை வேண்டினார். மணியொலி நின்றது; சாவு நிற்கவில்லை.

1847 மார்ச்சு மாதத்தில் அவருடைய நண்பர் கொலெச்சுக்கா இறந்தார். பிணப் பரிசோதனையின்போது ஒரு மாணவனின் கத்தி அவர் விரலைக் கீறியதே காரணம். அவருடலிற் காணப்பட்ட குறிகள் காய்ச்சலால் இறந்த தாய்மாரிடம் காணப்பட்டவற்றை ஒத்திருந்தன. உண்மை புலனாயிற்று. மாணவரும் மருத்துவரும் பிணவறையிலிருந்து நேரே பேற்றறைக்கு வந்தனர்; அவர்தம் கைகளே நஞ்சைக் கொணர்ந்தன. மருத்துவிச்சி மாணவியருக்கோ பிணவறையிற் பணியில்லை. அவ்வாண்டு மே மாதம் முதல், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவிய பின்னரே தாய்மாரைத் தொடவேண்டும் என அவர் விதித்தார். ஏப்பிரிலில் நூற்றுக்கு 18 ஆயிருந்த இறப்பு யூலையில் நூற்றுக்கு ஒன்றளவாகக் குறைந்தது.

ஆகவே, அச்சம் சாவைத் தரவில்லை. சாவே அச்சத்தைத் தந்தது. மன்றாடிய பெண்கள் நோயின் காரணத்தை அறியாராயினும், அது எங்கே உள்ளது என்பதைச் சரியாகவே அறிந்திருந்தனர். செம்மல்வைசின் சொல்லை அக்கால மருத்துவருட் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1865இல் மனநோயாளர் மனையொன்றில் அவர் உயிர்நீத்தார்.

சாவின் அச்சத்துடன் நோவின் அச்சமும் உண்டு. அதே 1847இல் எடின்பரோ நகரத்துச் சிம்சன், பேற்றுநோவைத் தணிக்கக் குளோரபோமைப் பயன்படுத்தினார். நோவு கடவுள் விதித்தது. அதை நீக்கலாகாது என மறுத்தோர் இருந்தனர். 1853இல் விக்டோரியா மகாராணியார் தம் எட்டாம் பிள்ளையைப் பெற்றபோது யோன் சினோ என்னும் மருத்துவர் அம்மருந்தை அளித்தார். அதன்பின் எதிர்ப்பு வலுவிழந்தது.

இருபதாம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவர் கிராந்திலி டிக்-றீட் வேறொரு வழியை ஆராய்ந்தார். அச்சம் உடலை இறுக்கும். இறுக்கம் நோவைப் பெருக்கும். நோவு அச்சத்தை மேலும் வளர்க்கும் என்பது 1933இல் வெளிவந்த அவரது நூலின் கருத்து. ஆதலால் தாய்க்கு முன்னரே விளக்கம் அளிக்கவேண்டும். பேற்றுவேளையில் அவளைத் தனியே விடலாகாது என வற்புறுத்தினார். அச்சம் நீங்கின் நோவும் பெரிதும் நீங்கும் என்ற அவரது துணிபு மிகையானது. அஞ்சாத தாய்க்கும் கடுநோவு உண்டு. எனினும் துணையின் பயனை அவர் சரியாகக் கண்டார். தாய் விரும்பும் ஒருவர் பேற்றுவேளையில் உடனிருத்தல் வேண்டுமென 2018இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது.

இலங்கையிலும் அச்சம் சொல்லினால் மட்டும் குறையவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மகப்பேற்று மருத்துவ நூலொன்றைத் தமிழிலே தந்தார். 1879இல் கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பெற்றது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. பயிற்சி பெற்ற குடும்பநல மருத்துவிச்சி வீடுதேடி வரும் முறை நாடெங்கும் பரவியது. 1930களின் முற்பகுதியில் ஓர் இலட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கு மேல் இருந்த தாய்மார் இறப்பு, 2019இல் முப்பதளவாக இருந்தது.

பாட்டியர் அஞ்சிய சாவு இன்று அரிதாகிவிட்டது. ஆயினும் முதற்பிள்ளைக்குக் காத்திருக்கும் பெண்ணின் உள்ளம் புள்ளிவிவரத்தால் மட்டும் அமைதியடையாது. பயப்படாதே என்று அவளை அடக்குவதிலும், எதற்குப் பயப்படுகிறாய் என்று கேட்டு அமர்ந்து செவிகொடுத்தல் நன்று. வியன்னாவில் அவ்வாறு கேட்கப்பட்டிருப்பின், பல தாய்மார் உயிர்தப்பியிருப்பர்.