கோபுரங்களைக் காத்தல்: நார்த்தாமலை தரும் பாடம்

புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலையில், மேலமலைச் சரிவின்மேல் விசயாலய சோழீச்சுரம் என்னும் கற்றளி மேற்கு நோக்கி நிற்கின்றது. அறிஞர் பலர் அதனைக் கி.பி. 9-ஆம் நூற்றாண்டினதெனக் கொள்வர். சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையர் எடுப்பித்த அக்கற்றளி மழையால் இடிந்ததென்றும், மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதியரையன் அதனைப் புதுப்பித்தானென்றும் அங்குள்ள கல்வெட்டு அறிவிக்கின்றது. கட்டியவன் பெயர், நேர்ந்த பழுது, அதன் காரணம், செப்பனிட்டவன் பெயர் ஆகிய நான்கும் அதில் ஒருங்கே உள. கட்டடக் காவலின் வரலாற்றில் இப்பதிவு பெரிதும் மதிக்கத்தக்கது.

இதே மாவட்டத்துக் கொடும்பாளூரில், இருக்குவேள் மரபினனாகிய பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயிலில் இன்று நிற்பவை இரு விமானங்களே. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. கருங்கல்லால் எழுந்ததும் காலத்திற்குத் தப்புவதில்லை என்பதற்கு அஃது ஒன்றே சான்றாகும்.

கல்லும் செங்கல்லும் மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்க வல்லவை. இழுவிசையைத் தாங்கும் ஆற்றல் அவற்றிற்கு மிகக் குறைவு. எனவே அடிநிலம் ஒருபுறம் தாழினும், மழைநீர் புகுந்து சுண்ணச்சாந்தை அரிப்பினும், இடுக்குகளில் அரசும் ஆலும் வேரோடினும் சுவரில் விரிசல் தோன்றும். ஆந்திர நாட்டுத் திருக்காளத்தியில் கிருஷ்ணதேவராயர் 1516-இல் எடுப்பித்த இராசகோபுரம் 2010-ஆம் ஆண்டு மே 26 அன்று சரிந்தது. விரிசல் விரிவதைக் கண்டு அருகிருந்தோரை முன்னரே அப்புறப்படுத்தியமையால் பேரிழப்பு நேரவில்லை. கோபுரம் போயிற்று, மாந்தர் பிழைத்தனர்.

இத்தாலியின் பாவியா நகரிலோ எச்சரிக்கையை உணர்ந்தார் எவருமிலர். அந்நகரின் பழைய மணிக்கோபுரம் 1989 மார்ச் 17 அன்று இடிந்து நால்வர் மாண்டனர். அதன் சுவர்கள் வெளியே செங்கல்லும் உள்ளே கல்லும் சாந்தும் கலந்த நிரப்புமாக அமைந்தவை. பல நூற்றாண்டுகள் ஓயாது அழுத்திய பாரத்தால் சுவரே உள்ளூர நைந்ததென ஆய்ந்தோர் கண்டனர். அவ்விபத்தின் பின்னரே, 1990-இல், பீசா நகரின் சாய்ந்த கோபுரம் மக்கள் ஏறாதவாறு மூடப்பெற்றது. அதன் வடபுறத்து அடியிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக அகற்றிச் சாய்வைக் குறைத்தனர். ஒவ்வோர் அசைவும் கருவிகளால் அளக்கப்பெற்றது. 2001-இல் அது மீண்டும் திறக்கப்பெற்றது.

சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட பதினெண்மரைப் பற்றி லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர்கள் ஏனையோரினும் பெரும் பாவிகள் என்னும் எண்ணத்தை ஆண்டவர் மறுத்தார். ஆதலின் மாண்டோரிடம் குற்றம் தேடுதல் நமக்குத் தகாது. விரிசலைக் கண்டும் வாளாவிருந்த காப்பாளரையே நாம் வினவ வேண்டும். செங்கல்லும் சுண்ணமும் கொண்டு எழுப்பிய பழைய ஆலயங்களின் கோபுரங்கள் நம் குருமார் பலரின் பொறுப்பில் இருத்தலால், அவ்வினா நம்மையும் சாரும்.

விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சாந்திட்டுப் பதித்து, தேதி எழுதிவைத்தல் பழைய முறை. சுவர் அசையின் கண்ணாடி உடையும். விரிசலின் இருபுறமும் ஆணி பதித்து இடைவெளியைத் திங்கள்தோறும் அளக்கலாம். ஆமோஸ் தரிசித்த தூக்குநூலைக்கொண்டே சாய்வையும் அறியலாம். வெயிலிலும் மழையிலும் விரிசல் சற்றே விரிந்து சுருங்குமாதலால், ஓராண்டேனும் அளந்தாலன்றி உண்மை புலப்படாது. அதன்பின் பொறியாளரை அழைத்தல் வேண்டும். அளவு விரைந்து மிகுமாயின் ஓராண்டு காத்திருத்தல் ஆகாது. அன்றே மணியை நிறுத்தி, மக்களை விலக்கிவிட வேண்டும்.

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றிற்குச் சபைகளில் பதிவேடுகள் வைத்துள்ளோம். அவற்றோடு கட்டடத்திற்கும் ஒன்று வைப்போமாக. ஒரு குருவானவர் மாற்றலாகிச் செல்லும்போது அவர் கண்ட விரிசலின் நினைவும் அவருடனே போய்விடுகிறது. நார்த்தாமலையில் பழுதைக் கல்லில் எழுதினர். நமக்குத் தாளே போதும்.