சீக்கிரம் நர்ஸ் ஆவது எப்படி? ஒரு நூறாண்டுக் கதை

 

அமெரிக்காவில் குடியிருக்கும் நம் பழைய மாணவிகள் இரண்டு மூன்று பேர் சமீபத்தில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "டீச்சர், வேறு டிகிரி வைத்திருப்பவர்கள் இங்கே ஒன்றரை வருஷத்துக்குள் நர்சிங் பட்டம் வாங்கிவிடலாம். ஆனால் சேருவதற்கு முன்பே அனாடமி, கெமிஸ்ட்ரி என்று ஏழெட்டுப் பாடம் முடித்துவிட்டு வா என்கிறார்கள். இதெல்லாம் சும்மா காசு பிடுங்கத்தானே?"

நான் நர்சிங் படித்தவள் இல்லை. ஆனால் எதற்கு முன் எதைச் சொல்லித் தர வேண்டும் என்பது எங்கள் ஆசிரியர் பயிற்சியிலேயே முதல் பாடம். பின்னம் புரியாத பிள்ளைக்குச் சதவீதம் நடத்த முடியுமா? அதனால் இந்த முன்பாடங்களின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

1860இல் லண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் அம்மையாரின் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அங்கும் அதைப் பார்த்துப் பிறந்த பள்ளிகளிலும் பெரும்பாலும் வார்டில் வேலை செய்தபடியேதான் கற்றுக்கொள்ள வேண்டும். புதிதாக வந்த பெண்ணுக்கு உடம்பின் உள்ளமைப்பு தெரியாது, கிருமி என்றால் என்னவென்று தெரியாது. ஆனாலும் நோயாளி முன் நிற்பாள்.

இதை மாற்றியவர் ரெபெக்கா ஸ்ட்ராங் என்ற மேட்ரன். 1893இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையில், வார்டுக்குள் நுழையும் முன்பே வகுப்பறைப் பாடம் என்ற முறையைக் கொண்டுவந்தார். 1901இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அடிலெய்ட் நட்டிங் ஆறு மாத முன்பயிற்சியை ஏற்படுத்தினார். இன்றைய முன்பாடங்களுக்கு விதை இங்கேதான் விழுந்தது.

அடுத்து வந்தது முதல் உலகப்போர். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் நர்ஸ்களுக்குப் பெரும் தட்டுப்பாடு. பயிற்சியோ மூன்று ஆண்டு. என்ன செய்வது? ஏற்கெனவே வேறு பாடத்தில் பட்டம் பெற்ற பெண்களைக் கூப்பிட்டால் காலத்தைக் குறைக்கலாமே என்று யோசித்தார்கள். 1918 கோடையில் நியூயார்க் மாநிலத்து வாஸர் கல்லூரியில் ஒரு பயிற்சி முகாம் நடந்தது. நானூறுக்கும் மேற்பட்ட பட்டதாரிப் பெண்கள் வந்தார்கள். மூன்றே மாதம். உடற்கூறியல், உடலியங்கியல், பாக்டீரியாவியல், வேதியியல், சுகாதாரம், உணவியல், உளவியல் என்று அத்தனையும் அடுத்தடுத்து நடத்தினார்கள். அதன் பிறகு மருத்துவமனைக்குப் போய் இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலாகப் பயிற்சி. அந்த இலையுதிர் காலத்தில் இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோய் நாட்டையே உலுக்கியபோது, அந்தப் பெண்கள் பலர் வார்டுகளில் நின்றார்கள்.

பிள்ளைகளே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மூன்றாண்டுப் படிப்பைச் சுருக்கினார்கள். ஆனால் அறிவியல் பாடங்களைக் குறைக்கவில்லை. அவற்றை மொத்தமாகச் சேர்த்து முன்னால் கொண்டுபோய் வைத்தார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

இரண்டாம் உலகப்போரிலும் இதே கதை. 1943இல் ஒஹையோ மாநில உறுப்பினர் பிரான்சிஸ் பெய்ன் போல்டன் கொண்டுவந்த சட்டத்தால் கேடட் நர்ஸ் படை உருவானது. 36 மாதப் பயிற்சி 30 மாதமானது. முதல் ஒன்பது மாதம் அடிப்படைப் பாடங்களுக்கு முக்கிய இடம். படிப்புச் செலவு அரசாங்கத்துடையது. கைச்செலவுக்கும் மாதம் 15 டாலரில் தொடங்கி உதவித்தொகை. இந்தத் திட்டத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நர்ஸ் ஆனார்கள். இப்படி ஏராளமான கேடட்களுக்குப் பயிற்சி தந்த மின்னசோட்டா பல்கலைக்கழக நர்சிங் பள்ளியின் தலைவி காதரின் டென்ஸ்ஃபோர்ட், 1918 வாஸர் முகாமில் படித்தவர்! ஒரு நல்ல வகுப்பு எத்தனை தூரம் போகிறது பாருங்கள்.

1971இல் செயிண்ட் லூயிஸ் பல்கலைக்கழகம், வேறு துறைப் பட்டதாரிகளுக்கான துரித நர்சிங் பட்டப்படிப்பைத் தொடங்கியது. இன்று அமெரிக்கா முழுக்க இத்தகைய படிப்புகள் இருக்கின்றன. பெரும்பாலும் 11 முதல் 18 மாதம். எழுத வேண்டிய உரிமத் தேர்வு நான்காண்டு படித்தவர்களுக்கு உள்ள அதே தேர்வுதான். நோயாளியும் அதே நோயாளிதான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் வந்துவிட்டது. 1918இல் முன்பாடங்களை முகாமே நடத்தியது. 1943இல் அரசாங்கம் செலவை ஏற்றது. இன்றோ அந்தச் சுமை முழுக்க மாணவியின் தலையில். எந்தப் பாடத்தை எங்கே, எந்த வரிசையில் படிப்பது என்று வீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு அவளே திட்டமிட வேண்டும். "பதினைந்து மாதத்தில் பட்டம்" என்று விளம்பரம் சொல்லும். வாசலுக்கு வெளியே கழியும் ஓராண்டை அது பெரிதாகச் சொல்லாது. பலர் தடுமாறுவது இங்கேதான்.

எனவே என்னைக் கேட்டவர்களுக்கு ஒரு டீச்சராக நான் சொன்னது இது.

முதலில், சேர விரும்பும் மூன்று நான்கு கல்லூரிகளின் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். உடற்கூறியலும் உடலியங்கியலும், நுண்ணுயிரியல், புள்ளியியல், உளவியல் ஆகியவை அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். வேதியியலும் ஊட்டச்சத்தும் சிலவற்றில் இருக்கும். எல்லோரும் கேட்பதை முதலில் முடியுங்கள்.

இரண்டாவது, வரிசை. உடற்கூறியல்-உடலியங்கியல் பொதுவாக இரண்டு பகுதி. முதல் பகுதி முடித்தால்தான் இரண்டாம் பகுதி. அதாவது இரண்டு பருவம் கட்டாயம் போகும். ஆகவே அதை முதல் பருவத்திலேயே தொடங்குங்கள். உயிரியலோ வேதியியலோ படித்துவிட்டு வா என்று சில கல்லூரிகள் சொல்லும். அங்கே அதை முன்னால் வையுங்கள். லேப் உள்ள இரண்டு பாடத்தை ஒரே கோடைப் பருவத்தில் திணிக்காதீர்கள். லேப் பாடத்தோடு புள்ளியியல், உளவியல் போன்ற ஒன்றைச் சேர்த்து எடுங்கள்.

மூன்றாவது, காலாவதி. அறிவியல் பாடங்கள் ஐந்து அல்லது ஏழு ஆண்டுக்குள் படித்தவையாக இருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கின்றன. கோபப்படாதீர்கள், வாஸர் முகாமும் பத்தாண்டுக்குள் பட்டம் பெற்றவர்களையே அழைத்தது. நம் ஊரில் பெற்ற பட்டத்தை முறைப்படி மதிப்பீடு செய்துகொள்ளும் வேலையையும் முன்கூட்டியே தொடங்குங்கள்.

நான்காவது, பணம். இந்தப் பாடங்களைப் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் குறைந்த கட்டணத்தில் படிக்கலாம். ஆனால் நீங்கள் சேரப்போகும் கல்லூரி அதை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது.

அந்த முன் ஆண்டைத் தண்டம் என்று நினைக்காதீர்கள். உண்மையில் அதுதான் படிப்பின் முதல் ஆண்டு. உள்ளே போனபின் திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது. உடலியங்கியலை அரைகுறையாக முடித்துவிட்டு உள்ளே போனால் மருந்தியல் வகுப்பில் மூச்சுத் திணறும். அதன் விலையைக் கொடுப்பது கடைசியில் கட்டிலில் கிடக்கும் நோயாளி.

நம்மில் யாராவது இந்தப் பாதையில் போயிருந்தால் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். தங்கைகளுக்கு உதவும்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
டீச்சர்