உடம்பு ஒரு இயந்திரமா? – நைட்ரஜன்-15 சொன்ன பதில்

"உடம்பும் ஒரு மெஷின்தான்டா. தேய்ஞ்சா ஸ்பேர் கிடைக்காது" என்று என் அப்பா அடிக்கடி சொல்வார். மெக்கானிக்கல் படித்த எனக்கும் அது சரி என்றே பட்டது. எரிபொருள் உள்ளே போகிறது. வேலையும் வெப்பமும் புகையும் வெளியே வருகின்றன. சாப்பாட்டுக்கும் இதே கணக்குத்தானே! ஆனால் இந்தக் கணக்கு தப்பு என்று 1939-லேயே நிரூபித்துவிட்டார்கள். அதைத் தற்செயலாகப் படித்தபோது, நம் கல்லூரி நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

அப்பா சொன்னதைத்தான் அன்றைய விஞ்ஞானிகளும் நம்பினார்கள். 1905-ல் அமெரிக்க உயிர்வேதியியல் அறிஞர் ஆட்டோ ஃபோலின் சொன்ன கருத்து பல ஆண்டுகள் செல்வாக்கோடு இருந்தது. சாப்பிடும் புரதத்தில் பெரும்பகுதி எரிந்து யூரியாவாக வெளியே போகிறது. உடம்பின் தேய்மானத்தை ஈடுகட்டக் கொஞ்சம் போதும் என்பது அதன் சாரம்.

சரி, இதை எப்படிச் சோதிப்பது? டேங்கில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு, குழாயில் வருவது பழைய தண்ணீரா, புதுத் தண்ணீரா என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? ஆலையில் கசிவு கண்டுபிடிக்க நாங்கள் தண்ணீரில் சாயம் கலப்போம். சாயம் எங்கே தலைகாட்டுகிறதோ அங்கே ஓட்டை. புரதத்துக்கும் அப்படி ஒரு சாயம் வேண்டும். ஆனால் அது இருப்பது உடம்புக்கே தெரியக் கூடாது!

அந்தச் சாயம்தான் நைட்ரஜன்-15. சாதாரண நைட்ரஜனைவிட ஒரு நியூட்ரான் அதிகம்; அவ்வளவுதான் வித்தியாசம். ரசாயன குணம் ஏறக்குறைய ஒன்றே. கதிர்வீச்சும் கிடையாது. கதிர்வீச்சு உள்ள நைட்ரஜன்-13 இருக்கிறதே என்று கேட்கலாம். பத்து நிமிஷத்தில் அதில் பாதி மறைந்துவிடும். பல நாள் சோதனைக்கு உதவாது. இயற்கையில் உள்ள நைட்ரஜனில் 15-இன் பங்கு 0.37 சதவீதம்தான். ஒரு மாதிரியில் அதற்கு மேல் இருந்தால், அது நாம் அடையாளம் போட்டு அனுப்பிய சரக்கு. எண்ணுவதற்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கிறது. காந்தப் புலத்தில் கனமான அணு குறைவாகவும் லேசான அணு அதிகமாகவும் வளையும். தனித்தனியே விழுவதை அளந்துவிடலாம்.

இதைக் கையில் எடுத்தவர் ருடால்ஃப் ஷோன்ஹைமர். 1898-ல் பெர்லினில் பிறந்த யூதர், டாக்டருக்குப் படித்தவர். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அதே பல்கலைக்கழகத்தில்தான் 1931-ல் கன ஹைட்ரஜனைக் கண்டுபிடித்து, 1934-ல் நோபல் பரிசு வாங்கிய ஹெரால்டு யூரே இருந்தார். யூரேயின் மாணவர் டேவிட் ரிட்டன்பர்க் ஷோன்ஹைமரோடு சேர்ந்தார். ஒருவருக்கு உடம்பு தெரியும், இன்னொருவருக்கு ஐசோடோப் தெரியும். இரண்டும் சேர்ந்ததில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் கன ஹைட்ரஜனை வைத்துக் கொழுப்பை ஆராய்ந்தார்கள். பிறகு யூரே நைட்ரஜன்-15-ஐச் செறிவூட்டும் முறையைக் கண்டதும் புரதத்துக்கு வந்தார்கள். சாரா ராட்னரும் குழுவில் இருந்தார். லியூசின் என்ற அமினோ அமிலத்தில் நைட்ரஜன்-15-ஐப் பொருத்தி, வளர்ச்சி முடிந்து எடை மாறாமல் இருந்த எலிகளுக்கு மூன்று நாள் கொடுத்தார்கள். எடை மாறவில்லை என்றால், பழைய கணக்குப்படி, கொடுத்ததில் பெரும்பகுதி சிறுநீரில் வந்திருக்க வேண்டும் இல்லையா?

வரவில்லை! சிறுநீரில் வந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பாதிக்கு மேல் எலியின் உடம்புப் புரதத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்தது. எடை ஏறாததால், அதே அளவு பழைய புரதம் கழன்று வெளியேறியிருக்க வேண்டும். அதோடு, லியூசினில் கொடுத்த நைட்ரஜன் வேறு அமினோ அமிலங்களிலும் காணப்பட்டது. வெளியே அசையாமல் நிற்கும் உடம்புக்குள் இடைவிடாமல் பிரிப்பதும் கட்டுவதும் நடக்கிறது. எந்த என்ஜின் ஓடிக்கொண்டே தன் பிஸ்டனைக் கழற்றி மாற்றிக்கொள்ளும், சொல்லுங்கள்!

இதைச் சொன்னவர் அதிக நாள் இருக்கவில்லை. 1941 செப்டம்பரில், 43-ஆம் வயதில், ஷோன்ஹைமர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவர் எழுதி வைத்திருந்த சொற்பொழிவுகள் அடுத்த ஆண்டு புத்தகமாக வந்தன.

வேலை நிற்கவில்லை. டேவிட் ஷெமின் என்பவர் நைட்ரஜன்-15 சேர்த்த கிளைசினை 66 கிராம் தானே சாப்பிட்டு, தன் ரத்தத்தையே மாதக்கணக்கில் சோதித்தார்! சிவப்பணுவின் ஆயுள் சுமார் நான்கு மாதம் என்று தெரிந்தது. ஷோன்ஹைமர் குழுவில் பழகிய கான்ராட் பிளாக் 1964-ல் நோபல் பரிசு பெற்றார். 1958-ல் மெசல்சனும் ஸ்டாலும் டி.என்.ஏ. எப்படி இரட்டிக்கிறது என்று காட்டியதும் இதே நைட்ரஜன்-15-ஐ வைத்துத்தான். வயலில் போடும் யூரியாவில் பயிர் எடுத்தது எவ்வளவு, வீணானது எவ்வளவு என்பதையும் இன்று இதைக் கொண்டே அளக்கிறார்கள்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஷோன்ஹைமர் தனியாக இருந்திருந்தால் அவரிடம் கேள்வி மட்டும் இருந்திருக்கும். யூரேயிடம் ஐசோடோப் மட்டும். பக்கத்து டிபார்ட்மெண்ட் கதவைத் தட்டத் தயங்காதீர்கள். நான் படித்த நான்கு வருஷத்தில் கெமிஸ்ட்ரி லேபைத் தாண்டிப் போனதோடு சரி, உள்ளே போய் யாரோடும் பேசியதில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

போன மாதம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். "அப்ப ஸ்பேர் கிடைக்குதுங்கிற?" என்றார். கிடைக்கிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. கண் லென்ஸின் நடுவில் உள்ள புரதம் பிறந்ததிலிருந்து அப்படியே இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அதான் எனக்குப் புரை விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.